மனப்பாடப் பகுதி

மனப்பாடச் செய்யுளுக்கு ஐந்து மதிப்பெண்.
கமா விட்டால் அரை போகும்.
வரியின் முதலெழுத்து பெரிதாக இல்லையென்றால்
இன்னொரு அரை.
புரிந்ததா என்று மட்டும்
எந்தக் கேள்வித்தாளும் கேட்டதில்லை.

ஓர் ஆலைச் சக்கரம், அதைச் சுற்றிவிடும் ஓடை,
சாயங்காலம் வீடு திரும்பும் மேகங்கள்.
மொத்தம் பத்து வரி.
மஞ்சக்குப்பத்தில் ஏறி
திருப்பாப்புலியூரில் இறங்குவதற்குள்
கம்பியைப் பிடித்தபடி ஒப்பிப்பேன்.
ஆறு வரி வரைக்கும் ஓடை ஓடும்.
ஏழாவதில் தினமும்
கண்டக்டர் பாஸைக் கேட்பார்.

அந்த வருடம் மழையால்
அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குப் போனது.
பெஞ்சுக் கால்களில் முழங்கால் அளவு
சேறு காய்ந்து வெளுத்திருந்தது.
கலைமதியின் ஆங்கிலப் புத்தகம்
ஆல்பேட்டையில் மூன்று நாள் தண்ணீரில் கிடந்தது.
இஸ்திரிப் பெட்டியால் பக்கம் பக்கமாகத் தேய்த்து
காயவைத்தாளாம்.
புதுப் புத்தகம் தருவதாகச் சொன்னார்கள்.
தந்தார்கள், தேர்வு முடிந்து.

அவள் கையெழுத்து வலப்பக்கம் சாயும்.
நான் அவளுக்கு வலப்பக்கம்.
ஏழாவது வரியில் கண்டக்டர் வந்தார்,
நான் திரும்பினேன்,
எழுதினேன்.
நடுவில் ஒரு கமா இருந்தது.
அதையும் விடவில்லை.

ஜெசிந்தா மிஸ் விடைத்தாளோடு வந்த அன்று
முதலில் எங்கள் இருவரையும் எழுப்பினார்.
"புக்ல இல்லாத ஒரு லைன்
ரெண்டு பேப்பர்ல எப்படி இருக்கு?"
பிறகு அதை வாசித்தார்.
தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

தண்ணீர் போய்விட்டது,
சுவர் அதன் உயரத்தை வைத்துக்கொண்டது.

கடைசி பெஞ்சில் யாரோ சிரிக்க ஆரம்பித்து
பாதியில் விட்டுவிட்டாள்.
அவளும் ஆல்பேட்டைதான்.

"யார் எழுதினது?"

நான்தான் மிஸ், என்றேன்.
சிநேகிதிக்காகத் தலையைக் கொடுக்கிறேன் என்று
ஒரு நினைப்பு.
உண்மை அது மட்டும் இல்லை.
மிஸ் வாசித்த விதத்தில்
அந்த வரி மேல் எனக்கு
ஆசை வந்துவிட்டிருந்தது.

கலைமதி என்னைப் பார்க்கவில்லை.
"தப்பு வேணா அவளோடதா இருக்கட்டும் மிஸ்.
வரி என்னோடது.
என் புக்ல ஏழாவது வரி
எதிர்ப்பக்கத்தோட ஒட்டிக்கிட்டுப் போயிடுச்சு.
என்ன இருந்திருக்கும்னு
நானா யோசிச்சு எழுதினேன்."

இருவருக்கும் சுழியம்.
சட்டம் சட்டம்தான்.
என் தாளில் அந்த வரி மேல்
நீளமாக ஒரு சிவப்புக் கோடு.
அவள் தாளில் கோடு இல்லை.
ஒரு வினைச்சொல்லை மட்டும் வட்டமிட்டு
சரியான இறந்தகாலத்தைப்
பொடி எழுத்தில் மேலே எழுதியிருந்தார் மிஸ்.
பாடத்திலேயே இல்லாத வரியை
எதற்காகத் திருத்துவது?

நான்கு நாள் அவள் பேசவில்லை.
ஐந்தாம் நாள் சாயங்காலம்
என் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆல்பேட்டைக்குப் போனேன்.
முழுதாக, பத்து வரியும் இருந்த புத்தகம்.
கதவு பூட்டியிருந்தது.
"ரேஷன் கடைக்குப் போயிருக்குதுங்க,
நில்லு, வந்துடும்" என்றது
குழாயடியில் ஒரு குரல்.

நின்றேன்.
நீல நிற வெளிச்சுவரில்
என் கழுத்தெலும்பு உயரத்தில் அது இருந்தது,
பழுப்பாக, மட்டப்பலகை வைத்து இழுத்ததுபோல.
ஒருமுறை குனிந்து பார்த்தேன்.
உள்ளே இருந்திருந்தால்
இங்கே வாய், இங்கே மூக்கு.

அடுத்த வீட்டுச் சுவரிலும் இருந்தது.
அதற்கடுத்த மாட்டுக் கொட்டகையிலும்,
டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்திலும்,
பூட்டிய மாவு மில்லின் ஷட்டரிலும்,
தெருக்கோடி வரைக்கும்,
ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதுபோல
அதே வரி.